குறிப்பிலிருந்து விடைக்கு: கிரிப்டிக் குறுக்கெழுத்து பற்றி ராயபுரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு படிப்பகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கரும்பலகையில் ஒரு கிரிப்டிக் குறிப்பு எழுதிப் போடுவேன். பேப்பர் படிக்க வருகிறவர்கள், ஏலம் முடிந்து திரும்புகிறவர்கள், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் என்று பலரும் நின்று பார்ப்பார்கள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணக் குறிப்புகள் எல்லாம் கரும்பலகைக்காக நான் எழுதியவை.

சார், பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்துதானே இதுவும்? என்ன வித்தியாசம்?

கட்டம் ஒன்றுதான், குறிப்புதான் வேறு. “தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பிய இடம் (5)” என்று கேட்டால் அது சாதாரணக் குறிப்பு. ராயபுரம் என்று தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் விட்டுவிடுவார். யோசித்துக் கண்டுபிடிக்க அதில் வழி கிடையாது.

இதே விடைக்கு இப்படி ஒரு குறிப்பு: “வால் அறுந்த ராயர், அடுத்து நகரம், தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம் (5)”. ராயர் கடைசி எழுத்தை இழந்தால் ராய. நகரம் என்றால் புரம். சேர்த்தால் ராயபுரம். ரயில் சரித்திரம் தெரியாதவரும் எழுத்து வழியாக வந்துவிடலாம், சரித்திரம் தெரிந்தவர் எழுத்து வழியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். கிரிப்டிக் குறிப்பு என்றால் ஒரே வாசலுக்கு இரண்டு வழி.

குறிப்பைப் பார்த்தவுடனே கண்ணை எங்க வைக்கணும்?

இரண்டு ஓரங்களில் வையுங்கள். ஒரு பக்கத்தில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதி முழுவதும் எழுத்துவேலை, அதாவது விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் பகுதி. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் இருக்காது. தமிழ் வாக்கியம் பெயரிலோ வினையிலோ போய் முடிவதால் பெரும்பாலும் முடிவில்தான் வரும்.

எழுத்துவேலைக்குள் ‘சாடைச் சொல்’ ஒன்று இருக்கும். ‘வால் அறுந்த’ என்பது அப்படி ஒரு சாடை. என்ன செய்யவேண்டும் என்று அது சொல்லும். தமிழில் சாடை பெரும்பாலும் எதைக் குறிக்கிறதோ அதற்குப் பின்னால் வரும், சில சமயம் ‘கதைக்குள்’ என்பதுபோல உருபாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ‘உள்’ளைக் கவனிக்காமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

அடைப்புக்குறியில 4 போட்டிருக்கே, அது எந்த நாலு? ‘க்’கும் ஒரு எழுத்தா?

விடையில் எத்தனை எழுத்து என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஆமாம், புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம். உயிர்மெய் எப்படி இருந்தாலும் ஒரே கட்டம். ‘கொ’வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று அச்சில் மூன்று துண்டு தெரியும், ஆனாலும் அது ஓர் எழுத்துதான். தக்காளி என்றால் த, க், கா, ளி, நான்கு கட்டம்.

ரெண்டு சொல்லை ஒட்டினா விடை வந்துடும்னு சொல்றாங்களே, அவ்வளவுதானா?

எளிமையான வகை அதுதான். “கங்கைக்கரை ஊரை அடுத்து உயரமான தரை, விசைப்படகு வந்து சேரும் இடம் (4)”. காசி, மேடு. காசிமேடு என்று கரும்பலகையில் நான் எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்கள். ஆனால் மேடு என்ற சொல் ஊர்ப்பெயரிலேயே அதே பொருளில் இருக்கிறது. அதனால் இதை நல்ல குறிப்பு என்று சொல்லமாட்டேன். தலைவலியைத் தலை, வலி என்று பிரிப்பதும் இப்படித்தான், அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

விடைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் உடையவேண்டும். “பாட்டை அடுத்து ஜால்ரா, அடிமட்ட உலகம் (4)”. பாட்டு என்றால் பா, ஜால்ரா என்றால் தாளம், பாதாளம். பாட்டுக்கும் பாதாளத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது திடீரென்று தெரியும்போது வரும் சந்தோஷத்துக்காகத்தான் இத்தனை பாடு.

ஒரே ஒரு எழுத்து வேணும்னா எப்படிக் குறிப்பு கொடுப்பாங்க?

இதில் தமிழுக்குப் பெரிய வசதி இருக்கிறது. ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்பதை ஓரெழுத்தொருமொழி என்பார்கள், நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. கா என்றால் சோலை, கோ என்றால் அரசன், நா என்றால் நாக்கு, ஆ என்றால் பசு, தா, வா, போ, வை எல்லாம் கட்டளை. “மன்னா, கீழே போடு! கொங்கு நாட்டு ஊர் (2)” என்றால் கோ, வை, கோவை.

இதைத் தவிர ச, ரி, க, ம, ப, த, நி ஏழையும் ‘சுரம்’ என்று சொல்லலாம். ‘வில்லன் தலை’ என்றால் வி, ‘கடலின் முடிவு’ என்றால் ல். பழைய தமிழ் எண்களும் உதவும்: எட்டுக்கு அ, காலுக்கு வ.

கலைந்து, தடுமாறி, இடம் மாறின்னு வந்தா எழுத்தைக் கலைச்சுப் போடணும்னு புரியுது. எதைக் கலைக்கணும்?

குறிப்பில் கண்ணுக்குத் தெரியும் சொல்லையே கலைக்கவேண்டும். “கை வாட, இடம் மாறி வீட்டுக்காரரிடம் போவது (3)”. கை, வா, ட என்ற மூன்று எழுத்தும் அப்படியே கண்ணெதிரே இருக்கின்றன. இடம் மாற்றினால் வாடகை. முதல் தேதி நெருங்கும் நேரத்தில் இதை எழுதினேன், உடனே விடை வந்தது.

கலைக்கவேண்டிய சொல்லை மறைத்துவிட்டு அதன் பொருளை மட்டும் கொடுப்பது நியாயமில்லை. “நகரம் தடுமாறினால் பாவிகள் போகுமிடம் (4)” சரியான குறிப்பு, விடை நரகம். அதையே “பட்டணம் தடுமாறினால்” என்று எழுதினால், முதலில் பட்டணத்துக்கு நகரம் என்று ஊகித்து, அப்புறம் அதைக் கலைக்கவேண்டும். ஊர், மாநகர், பட்டினம் என்று எதையெல்லாம் கலைத்துப் பார்ப்பது? விடுவிப்பவரின் நேரத்தை இப்படி வீணாக்கக்கூடாது.

சில குறிப்புல விடை உள்ளேயே இருக்குமாமே?

இருக்கும். “அம்மா லைட் போட, நடுவில் ஒளிந்துகொண்ட பொழுது (2)”. ‘அம்மா லைட்’ என்பதை இடைவெளி விடாமல் எழுதிப் பாருங்கள். நடுவில் மாலை தெரியும். இந்தக் குறிப்பை மூன்று ஞாயிறு யாரும் சொல்லவில்லை. அம்மா என்ற சொல்லை உடைத்துப் பார்க்க யாருக்கும் கை வரவில்லை. சொற்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கண் ஒரு சுவர்போல நினைத்துக்கொள்கிறது. அந்தச் சுவரை எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும். ‘உள்ளே’, ‘நடுவில்’, ‘ஒளிந்து’, ‘கொஞ்சம்’ என்ற சொற்கள் இதற்குச் சாடை.

தலை போச்சு, வால் போச்சுன்னா?

முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ போகிறது. “கவலைக்குத் தலை போனால் மீன் மாட்டும் (2)”. க போனால் வலை.

இந்தக் குறிப்பை நான் முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன்: “தலை போன தவளை மீன் பிடிக்கும்”. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுந்து, “தவளையில தலை போனா வளைதானே வரும் தாத்தா? வலை எப்படி வரும்?” என்று கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி. பலகையைத் துடைத்துவிட்டுக் கவலையை எழுதினேன். ல, ள, ழ மூன்றும் மூன்று எழுத்து. கட்டத்துக்குள் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று உட்கார முடியாது.

ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையறது இதிலிருந்து வேறயா?

வேறு. ஒளிந்திருப்பது என்றால் எழுத்துகள் ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன. நுழைவது என்றால் ஒரு சொல்லை நாம் பிளந்து அதற்குள் இன்னொன்றை வைக்கவேண்டும். “கதைக்குள் வில்லன் தலைகாட்டக் கிடைக்கும் பாட்டு (3)”. வில்லன் தலை வி, முன்பே பார்த்தோம். கதையைப் பிளந்து நடுவில் வி வைத்தால் கவிதை. இங்கே ‘தலைகாட்ட’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது: முதலெழுத்தையும் சொல்கிறது, மேலோட்டமாகப் படிக்கும்போது கதையையும் நடத்துகிறது. நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த குறிப்புகளில் இது ஒன்று.

திரும்பி, புரண்டு, எதிர்த்து வந்தா? எனக்கு இதுல எங்க வெட்டணும்னே புரியல.

எழுத்தைப் பின்னிருந்து முன்னுக்குப் படிக்கவேண்டும். நெடுக்குக் குறிப்பு என்றால் ‘மேலே ஏறி’ என்றும் வரலாம். வெட்டும் இடம் உண்மையிலேயே சிக்கலானது, அதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

“கை வை, திரும்பி ஓடும் மதுரையில் (2)”. படிக்கும்போது ‘திரும்பி ஓடும்’ என்று சேர்ந்துதான் வரும். யாரோ கையை வைத்ததும் எதுவோ திரும்பி ஓடுகிற காட்சி மனதில் வரும். அந்தக் காட்சியைக் கலைத்துவிட்டு, ஓரங்களில் நேர்ப்பொருள் தேடுங்கள். ‘மதுரையில்’ மட்டும் போதாது. ‘ஓடும் மதுரையில்’ என்று எடுத்தால்? மதுரையில் ஓடுவது ஆறு. அப்போது மிஞ்சுவது ‘கை வை, திரும்பி’. திருப்பினால் வைகை. வெட்டு ‘திரும்பி’க்கும் ‘ஓடும்’ என்பதற்கும் நடுவில் விழுகிறது. எங்கே இரண்டு சொல் ரொம்ப இயல்பாக ஒட்டி நிற்கிறதோ அங்கேதான் முதலில் கத்தி வைக்கச் சொல்வேன்.

எழுத்துவேலையே இல்லாம ஒரு குறிப்பு பார்த்தேன். அது தப்பா?

தப்பில்லை. இரண்டு ஓரத்திலும் நேர்ப்பொருள் இருக்கும் வகை அது. “நம்மைத் தின்பது, நாம் தின்பது (3)”. மயிலாப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அரைமணி நேரம் யோசித்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் உடனே கவலை என்றார்கள். கவலை என்று ஒரு மீன் உண்டு. சாளை இனத்தைச் சேர்ந்த சின்ன மீன், முள் அதிகம், குழம்புக்கு ருசி. மனதைத் தின்னும் கவலை எல்லோருக்கும் தெரியும், தட்டில் வரும் கவலை கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது வழி தெரியாவிட்டால் முதல் வழியில் ஊகிக்கலாம், ஆனால் உறுதிசெய்ய முடியாது.

இன்னொரு வகையில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கும், ஆனால் சுற்றி வளைத்துச் சொல்லப்பட்டிருக்கும். அதற்கு உதாரணம் ‘வெள்ளைக்காரன் விளையாட்டு’ பற்றிய கேள்வியில் வருகிறது.

‘ஐ’, ‘ஆல்’, ‘கு’ எல்லாம் சும்மா ஒட்டிக்கிட்டு வர்றதுதானே? அதையும் பார்க்கணுமா?

பார்க்கவேண்டும், அதில்தான் தமிழ்க் குறிப்புக்கு உயிரே இருக்கிறது. “சமுத்திரத்தைப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பார் (3)”. சமுத்திரம் என்றால் கடல், சமுத்திரத்தை என்றால் கடலை. பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதும் கடலை. ‘ஐ’ உருபைச் சும்மா விட்டிருந்தால் கடல் என்ற இடத்திலேயே நின்றிருப்போம்.

இதே வழியில் ஒன்று, விடை சொல்லாமல் விடுகிறேன்: “முருகன் கையில் இருப்பதைச் செய்தால் மாசச் சம்பளம் (2)”.

புணர்ச்சி வந்தா எழுத்து மாறிடுமே, அப்ப கணக்கு எப்படி?

நல்ல கேள்வி. ஒட்டும் வகையில் புணர்ச்சி விதிப்படி மாறுவதை நான் ஒப்புக்கொள்வேன். “இலக்கமும் கிராமமும் கூடினால் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடம் (4)”. எண், ஊர். தனிக்குறிலுக்குப் பின்னால் வரும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது பள்ளியில் படித்த விதி. எண்ணூர். ‘கூடினால்’ என்ற சாடையே புணர்ச்சியைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் கலைக்கும் வகையில் ஒப்புக்கொள்ளமாட்டேன். வாடகைக் குறிப்பில் ‘கை வாடக் கலைந்து’ என்று எழுதியிருந்தால் இன்னும் இயல்பாக இருந்திருக்கும். ஆனால் ‘வாடக்’ என்பதில் ஒரு க் கூடுதலாக வந்து உட்கார்ந்துவிடும். விடுவிப்பவர் அதையும் எண்ணுவாரா மாட்டாரா? அந்தச் சந்தேகமே வரக்கூடாது என்றுதான் காற்புள்ளி போட்டு ‘இடம் மாறி’ என்று எழுதினேன். வல்லினம் மிகாத சொல்லாகத் தேடிப் போடுவது குறிப்பு எழுதுபவரின் கடமை.

காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் நம்பலாமா?

நம்பவேண்டாம். அவை மேலோட்டக் கதைக்காக வருகின்றன, எழுத்துவேலையில் அவற்றுக்குப் பங்கில்லை. எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி வேறு விஷயம். ம, ம் இரண்டும் வெவ்வேறு எழுத்து, அதில் யாரும் விளையாடக்கூடாது.

நம்ம ஊர்ப் பேச்சை வச்சு குறிப்பு போடலாமா? சிரிக்க மாட்டாங்களா?

போடலாம், போடவேண்டும். ‘கேட்க’, ‘வாயில்’, ‘பேச்சில்’ என்று சாடை வந்தால் ஒலியை வைத்து விடை தேடவேண்டும். “அச்சம்: பெரம்பூரில் சிலர் வாயில் கனி (3)”. வடசென்னைப் பேச்சில் பழத்தைப் பயம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், வாழைப்பழம் வாயப்பயம் ஆகும். விடை பயம்.

இது கேலிக்காக எழுதியதில்லை. ஒரு மொழியின் ஒலி இடத்துக்கு இடம் மாறுவது இயற்கை. நெல்லைப் பேச்சை வைத்துக் குறிப்பு எழுதினால் ரசிக்கிறவர்கள் எங்கள் பேச்சையும் அதே மரியாதையோடு ரசிக்கவேண்டும். எந்த ஊர் வாய் என்பதை மட்டும் குறிப்பில் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் மற்ற ஊர்க்காரர்களுக்கு நியாயம் இருக்காது.

விடை தெரிஞ்சுடுச்சு அண்ணே, ஆனா ஏன்னு தெரியல. விட்டுடலாமா?

விடாதீர்கள். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டே அதுதான். விடை தெரிவது பாதி வேலை, அது எப்படி விடையாகிறது என்று காட்டுவது மீதி.

தையற்கடை வைத்திருக்கும் ஒரு நண்பர், குறுக்கே வந்த எழுத்துகளை வைத்து மருதாணி என்று நிரப்பிவிட்டார். குறிப்பு இது: “மணிக்கு நடுவே திரும்பி நிற்கும் மரம், உள்ளங்கையைச் சிவக்க வைக்கும் (4)”. கடைசிப் பகுதி மருதாணிக்குப் பொருந்துகிறது, அதனால் அது சரியாகத்தான் இருக்கும் என்றார். “மணியும் மரமும் என்ன செய்கின்றன?” என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, பின்னிருந்து போவோம் என்று உட்கார்ந்தோம்.

நேர்ப்பொருளை முதலில் அடித்துவிட்டோம். மிஞ்சியது ‘மணிக்கு நடுவே திரும்பி நிற்கும் மரம்’. விடையின் இரண்டு ஓரத்து எழுத்துகள் ம, ணி. அதுவே மணி! அப்படியானால் நடுவில் இருக்கும் ‘ருதா’தான் திரும்பி நிற்கும் மரம். நேராக்கினால் தாரு. “தாருன்னா மரமா?” என்று சந்தேகப்பட்டார். அலமாரியிலிருந்து அகராதியை எடுத்தோம், இருந்தது. தேவதாருவில் வரும் அதே தாரு. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! விடையை நிரப்பியபோது வராத சிரிப்பு அப்போது வந்தது.

வழி இதுதான்: நேர்ப்பொருளை நீக்குங்கள். விடையின் எழுத்துகளைத் தனித்தனியாக எழுதுங்கள். குறிப்பில் மிஞ்சிய ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த எழுத்து, அல்லது என்ன வேலை என்று கணக்கு வையுங்கள். ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால் விடை தவறு, அல்லது குறிப்பு தவறு.

எனக்கு வேற விடை வந்துச்சு, கட்டத்துலயும் பொருந்துது. அதை ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க?

மேலே சொன்ன கணக்கை அந்த விடைக்கும் போட்டுப் பாருங்கள். ‘பாட்டை அடுத்து ஜால்ரா’ குறிப்புக்கு ஒருவர் ‘நரகம்’ என்றார். நாலு எழுத்து, பொருளும் ஏறக்குறைய வருகிறது. ஆனால் பாட்டும் ஜால்ராவும் எங்கே போயின? கணக்கு இடிக்கிறது. இரண்டு வழியிலும் வந்து சேரும் விடை ஒன்றுதான் இருக்கும். நிஜமாகவே இரண்டு விடை கணக்கில் பொருந்தினால் குற்றம் குறிப்பு எழுதியவருடையது, இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்துவிடவேண்டும்.

ஒண்ணுமே பிடிபடலன்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கட்டத்தில் ஏற்கெனவே விழுந்த எழுத்துகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழில் 247. குறுக்கே ஓர் எழுத்து கிடைத்தால் தமிழில் அதற்கு மதிப்பு பல மடங்கு அதிகம். ‘தை’ என்று முடியும் மூன்றெழுத்துச் சொற்கள் எத்தனை இருந்துவிடப்போகின்றன?

இலக்கணமும் கைகொடுக்கும். க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லின் நடுவில் வந்தால் அடுத்த எழுத்து அதே இனமாகத்தான் இருக்கும்: அக்கா, பச்சை, பத்து, உப்பு. சக்தி, பக்தி போன்ற வடசொற்கள் விலக்கு. ட, ர, ல வரிசையில் சொல் தொடங்கினால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சொல்: டம்ளர், ரயில், லாரி. பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன விதிகள் இங்கே கருவியாகிவிடுகின்றன. தமிழாசிரியர் ஒருவர் இதற்காகவே எங்கள் படிப்பகத்துக்கு வர ஆரம்பித்தார்.

இது வெள்ளைக்காரன் விளையாட்டுதானே? தமிழுக்கு ஒத்து வருமா?

கட்டம் போட்ட புதிர் அங்கிருந்துதான் வந்தது. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் வைர வடிவக் கட்டத்தில் வெளியிட்டார். அதை கிரிப்டிக்காக வளர்த்தவர்கள் 1920களில் இங்கிலாந்தில் இருந்தவர்கள். லண்டன் டைம்ஸ் 1930 பிப்ரவரி 1 அன்று குறுக்கெழுத்தைத் தொடங்கியது. அஃப்ரிட் என்ற புனைபெயரில் எழுதியவர் 1949இல் ஒரு நியாயத்தை வகுத்தார். மேலுக்கு வேறு எதையோ சொல்வதுபோல எழுதலாம், ஆனால் சொல்லவந்தது அந்தச் சொற்களுக்குள் இருந்தே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். நான் இதுவரை நியாயம், கடமை என்று சொன்னதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

சொல்லை உடைத்துப் பொருளை ஒளிக்கும் கலை நம்மிடம் அதற்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடலில் ‘எட்டேகால் லட்சணமே’ என்று வரும். எட்டு அ, கால் வ, சேர்த்தால் அவலட்சணமே. எழுத்தை ஒட்டும் குறிப்பேதான். அடுத்து வரும் ‘எமனேறும் பரியே’ என்பது எருமை, சுற்றி வளைத்துச் சொல்லும் வகை என்று முன்பு சொன்னேனே, அதுதான் இது. எழுத்தில் வித்தை காட்டும் செய்யுள்களான சித்திரகவிகளில் அக்கரச்சுதகம் என்று ஒரு வகை உண்டு. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு பொருள் வரவேண்டும். கனகாரி, நகாரி, காரி. தலை போன கவலை வலையாவதும் இதே வித்தைதான்.

ஆங்கிலப் பேப்பர்ல வர்றதுக்கும் இதே வழிதானா?

பெரும்பாலும் இதே வழிதான். ஓரத்தில் நேர்ப்பொருள், மீதி எழுத்துவேலை. ஆனால் அங்கே எழுத்து தனித்தனியாகக் கலைவதால் கலைக்கும் வகை மிக அதிகம். நமக்கு உயிர்மெய் கட்டியாக இருப்பதால் கலைப்பது குறைவு, ஒட்டுவதும் உருபில் விளையாடுவதும் அதிகம்.

நானே ஒரு குறிப்பு எழுதணும்னா?

விடையிலிருந்து தொடங்குங்கள். சொல்லை எழுதி, எங்கெல்லாம் உடைகிறது, திருப்பினால் என்ன வருகிறது என்று பாருங்கள். வாசி என்ற சொல்லைத் திருப்பினால் சிவா. அங்கேயே “சிவா, திரும்பிப் படி (2)” என்ற குறிப்பு தானாக வந்துவிட்டது. எல்லாச் சொல்லும் இவ்வளவு சுலபமாகக் கொடுக்காது. எழுதியதை ஒரு வாரம் வைத்திருந்து, அதற்குப் பிறகு வேறொருவரிடம் காட்டுங்கள். என் தவளையைப் பிடித்த அந்தப் பெண்ணைப்போல ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

பழக இன்னும் ரெண்டு மூணு குறிப்பு கொடுங்க. விடையும் சேர்த்துக் கொடுங்க.

“முகம் சற்றே சுருங்கிக் கோடு விழ, தபால்காரர் தேடுவது (4)”. “பாசத்துக்குள் யமன் தலை மாட்ட, இலையில் இனிப்பு (4)”. இவற்றோடு முன்பு விட்டுவைத்த முருகன் குறிப்பும் இருக்கிறது. கீழே படிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் யோசியுங்கள்.

முருகன் கையில் இருப்பது வேல், ‘இருப்பதை’ என்று உருபு இருப்பதால் வேலை, அதைச் செய்தால் சம்பளம். முகம் சுருங்கினால் கடைசி ம் போய் முக, கோடு என்றால் வரி, முகவரி. யமன் தலை ய, அது பாசம் என்ற சொல்லுக்குள் நுழைந்தால் பாயசம். இந்தக் கடைசிக் குறிப்புக்கு விடையைச் சரியாகச் சொன்ன ஒரு பையன், பாசம் என்பது யமன் கையில் இருக்கும் கயிறும்தான் என்று எனக்கு எடுத்துச் சொன்னான். எழுதும்போது நான் அன்பை மட்டும்தான் நினைத்திருந்தேன்.